கோடையில் வைக்கோல் தாராளமாகப் போட்டும் உம்பளச்சேரி மாடுகள் இளைக்கின்றன, எது குறைகிறது?

கடைமடை_தலைஞாயிறு (கேள்வி)

வணக்கம். மொத்தம் 14 உருப்படி, எல்லாம் நம் டெல்டா நாட்டு இனமான உம்பளச்சேரி. பசு 8, பொலிகாளை 1, மீதி கிடேரியும் கன்றும். பசுக்கள் டேப் கணக்கில் 240 முதல் 280 கிலோ. காலை 9 முதல் மாலை 5 வரை அவிழ்த்துவிட்ட மேய்ச்சல்தான்: அறுத்த வயல், வாய்க்கால் கரை, வடிகால் ஓரம், ஊர்ப் புறம்போக்குத் திடல். ராத்திரி கட்டுத்தறியில் சம்பா வைக்கோல், தின்கிற மட்டும். கறக்கிற பசுவுக்கு மட்டும் ஒரு கிலோ தவிடு. வேறு தீவனம் இல்லை.

மாசி வரைக்கும் உடம்பு பளபளப்பாக இருக்கிறது. பங்குனி கடைசியில் விலா தெரிய ஆரம்பிக்கிறது, வைகாசியில் இடுப்பெலும்பு முட்டிக்கொண்டு நிற்கிறது. கன்று போட்டு ஐந்தாறு மாதம் ஆகியும் நாலு பசு பருவத்துக்கு வரவில்லை. இரண்டு மாடு மண்ணை நக்குகிறது, கிடந்த எலும்பைக் கடிக்கிறது, பிளாஸ்டிக் பையை மெல்கிறது. சாணி கெட்டியாக, அடுக்கு அடுக்காக விழுகிறது. வைக்கோலைக் கூட்டிப் போட்டால் காலையில் அப்படியே மிச்சம் கிடக்கிறது.

எல்லா மாட்டுக்கும் கலப்புத் தீவனம் வாங்கிப் போட்டுக் கட்டுப்படியாகாது. கைக்குள் அடங்குகிற மாதிரி என்ன செய்யலாம், எந்த மாதத்தில் ஆரம்பிக்கலாம்?

---

வெட்டாறு_வடகரை

கேள்வியிலேயே பதில் இருக்கிறது: வைக்கோல் மிச்சம் கிடக்கிறது, சாணி அடுக்காக விழுகிறது. அளவு போதவில்லை என்றால் மாடு காடியை நக்கித் துடைத்திருக்கும். இங்கே குறைவது புரதம். வைக்கோலைச் செரிக்க வைப்பவை முதல் இரைப்பையில் இருக்கிற நுண்ணுயிர்கள். மாடு தின்கிற மொத்தத் தீவனத்தில் 7 சதவீதமாவது புரதம் இருந்தால்தான் அவை ஒழுங்காகப் பெருகும். சம்பா வைக்கோலில் இருப்பது 3 முதல் 4 சதவீதம். நுண்ணுயிர் குறைந்தால் நார் மெதுவாகக் கரையும், வயிறு காலியாகாது, மாட்டுக்குப் பசி எடுக்காது. வைக்கோலை மேலும் அள்ளிப் போடுவது நிரம்பிய குதிரில் நெல்லைக் கொட்டுவது மாதிரி.

கணக்காகப் பாருங்கள். 260 கிலோ பசு ஒரு நாளைக்கு உலர் எடையில் சுமார் 6 கிலோ தின்னும். அதில் 7 சதவீதம் என்றால் 420 கிராம் புரதம். வைகாசித் திடலில் காய்ந்த கோரையும் கட்டைப் புல்லும்தான். அதிலும் புரதம் நாலைந்து சதவீதம்தான் வரும். வைக்கோலும் இந்த மேய்ச்சலும் சேர்ந்து 230, 240 கிராம் தேறினால் பெரிது. பள்ளம் 180 முதல் 200 கிராம். அதை அடைக்க அரை கிலோ கடலைப் புண்ணாக்கு போதும், 14 உருப்படிக்கும் மூட்டை மூட்டையாகக் கலப்புத் தீவனம் வேண்டாம்.

மண் நக்குவதும் எலும்பு கடிப்பதும் பாஸ்பரஸ் குறை. வைக்கோலில் பாஸ்பரஸ் இல்லை என்றே சொல்லலாம். இருக்கிற கொஞ்சம் சுண்ணாம்புச் சத்தையும் அதிலுள்ள ஆக்சலேட் பிடித்து வைத்துக்கொள்ளும். அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் 1.3 முதல் 1.5 சதவீதம் இருக்கிறது. ஆகவே கறவைக்கு மட்டும் போடுகிற தவிட்டைப் பிரித்து எல்லாப் பசுவுக்கும் அரை கிலோ கொடுத்தால் நக்குவது பெரும்பாலும் நிற்கும். கூடவே தாது உப்புக் கலவை பெரிய மாட்டுக்கு 30 முதல் 40 கிராம், கிடேரிக்கு 20 கிராம். கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தானுவாஸ் கலவை நம் பக்கத்து மண்ணுக்குப் பொருந்தும். கிடந்த எலும்பைக் கடிக்க விடாதீர்கள். அழுகிய எலும்பிலிருந்து வருகிற பாட்டுலிசம் நஞ்சு பின்னங்காலிலிருந்து மாட்டைப் படுக்கப் போட்டுவிடும், எழுப்ப முடியாது.

தவிடு வாங்கும்போது ஒரு பிடியைத் தண்ணீரில் போடுங்கள். உமி மிதக்கும், தவிடு அடியில் இறங்கும். மேலே கெட்டியாகப் படர்ந்தால் அது உமிக்குக் கொடுக்கிற காசு. பதினைந்து நாளுக்கு மேல் இருப்பு வைத்தால் எண்ணெய் காறி மாடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

எந்த மாதம் என்பதுதான் முக்கியம். எல்லோரும் மாடு எலும்பான பிறகு, ஆனியில், புண்ணாக்கைத் தேடுகிறார்கள். டெல்டா மேய்ச்சலை ஒரு சுற்று நினைத்துப் பாருங்கள். தை, மாசியில் சம்பா அறுவடை: தாள், சிந்திய மணி, வரப்புப் புல், வயலில் கொஞ்சம் ஈரம் இருந்தால் மறுதாம்பு (அறுத்த தாளில் மறுபடி துளிர்ப்பது). வருஷத்தில் மாடு தானே தேறுவது இந்த இரண்டு மாதம்தான். அதிலும் உளுந்து, பயறு தெளித்த வயலுக்குள் விட முடியாது. பங்குனி, சித்திரையில் உளுந்து எடுத்ததும் வயல் திறக்கும், ஆனால் அப்போது தாள் வெளுத்துச் சத்து போயிருக்கும். கோடை மழை இரண்டு விழுந்தால் அறுகு தளிர்த்து ஒரு மாதம் ஓடும். வைகாசி, ஆனியில் களிமண் வெடித்துத் திடல் மொட்டை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து புல் எழும்ப நாளாகும். வந்ததும் நேரடி விதைப்பு, வயல் மூடிவிடும். ஆவணி முதல் வரப்பும் கரையும்தான். ஐப்பசி முதல் மார்கழி வரை எங்கும் பச்சை, மாடு கால் வைக்க இடம் இல்லை. உடம்பு கரைவது கண்ணுக்குத் தெரிவது வைகாசியில். ஆனால் நெஞ்சைத் தொட்டுச் சொன்னால் மோசமான பஞ்சம் கார்த்திகையில்தான்.

இதை ஈற்றோடு சேர்த்துப் பாருங்கள். பசுவின் சினைக்காலம் சுமார் 283 நாள். மாசியில் உடம்பு நன்றாக இருக்கும்போது காளையோடு சேர்ந்த பசு கார்த்திகை அடைமழையில் ஈனும். மாடு கட்டாந்தரையில் நனைந்து நிற்கிற, மேய்ச்சல் இல்லாத மாதம். பால் வற்றும், கன்று சளி பிடித்துச் சாகும். சித்திரை முதல் நாள் சேர்ந்தால் ஈற்று பொங்கல் கழித்து ஒரு வாரத்தில். தாள் மேய்ச்சல் திறக்கிற நேரம், தாய்க்குப் பால் சுரக்க, உடம்பு ஏற, இயற்கையே தீவனம் போடுகிறது. எனவே கூடுதல் தீவனத்தை மாசிக் கடைசியில் ஆரம்பித்து வைகாசி நடு வரைக்கும் கொடுங்கள். விலா தெரிய ஆரம்பிக்கும் முன் ஆரம்பித்தால்தான் சித்திரையில் பருவத்துக்கு வரும். எலும்பான பசுவைத் தேற்றிப் பருவத்துக்குக் கொண்டுவர இரண்டு மூன்று மாதமாவது போய்விடும், அதற்குள் ஆடி வந்துவிடும்.

---

மன்னை_போர்க்களம்

வெட்டாறு அண்ணன் சொன்னதோடு: புண்ணாக்கும் வேண்டாம் என்றால் இருக்கிற வைக்கோலையே யூரியாவில் ஊறவைத்துப் புரதத்தை 7, 8 சதவீதத்துக்கு ஏற்றலாம்.

அளவு: 100 கிலோ காய்ந்த வைக்கோல், 4 கிலோ யூரியா, 60 லிட்டர் தண்ணீர். யூரியா மூட்டை 45 கிலோ என்பதால் "பத்தில் ஒரு பங்கு" என்று கண்ணளவில் அள்ளாதீர்கள், தராசில் நிறுங்கள். மேட்டுத் தரையில் தார்ப்பாய் விரித்து 20, 25 கிலோ வைக்கோலை ஒரு சாணுக்குப் பரப்பி, அந்த அடுக்குக்கு உரிய கரைசலைப் பூவாளியால் சீராகத் தெளித்து, ஏறி நன்றாக மிதியுங்கள். மிதிப்பதில்தான் வேலை நிற்கிறது: உள்ளே காற்று இருந்தால் அங்கே பூஞ்சை. அடுக்கடுக்காக ஏற்றி, மேலே பாலிதீன் போர்த்தி, ஓரத்தை மண்ணால் மூடி, மேலே மணல் மூட்டை வையுங்கள். 21 நாள் கைவைக்கக் கூடாது.

திறக்கும்போது வைக்கோல் பொன்னிறமாகப் பழுப்பேறி, மூக்கில் ஏறுகிற அம்மோனியா நெடி அடித்தால் சரி. நெடியே இல்லை என்றால் எங்கோ ஓட்டை. கருப்பாகவோ வெள்ளைப் பூஞ்சையோடோ இருந்தால் அந்தப் பகுதியை எருக்குழியில் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்து மறுநாளுக்குத் தேவையானதை முதல் நாள் மாலையே எடுத்து உலர்த்துங்கள். முதலில் மாட்டுக்கு ஒரு கிலோ, சாதா வைக்கோலோடு கலந்து. பத்து நாளில் 4, 5 கிலோவுக்குக் கொண்டு போகலாம். 6 மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கூடவே கூடாது.

மாடு சாவது ஊறிய வைக்கோலால் அல்ல. யூரியா கரைத்த வாளியைக் கழுவாமல் வைத்துத் தாகத்தோடு வந்த மாடு குடிப்பதால், அல்லது 21 நாள் பொறுக்காமல் தெளித்த கையோடு போடுவதால். நுரை தள்ளும், உடம்பு நடுங்கும், வயிறு ஊதும், மணிக்கணக்குத்தான். உடனே டாக்டரைக் கூப்பிட்டுவிட்டு, மாடு விழுங்குகிற நிலையில் இருந்தால் மட்டும், வினிகரைக் குளிர்ந்த தண்ணீரில் கலந்து பொறுமையாக ஊற்றலாம். தொழுவத்தில் நாலைந்து லிட்டர் வினிகர் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

---

கீழ்வேளூர்_ஆத்தங்கரை

யூரியா முறை தப்பில்லை. ஆனால் உளுந்து விளைகிற ஊரில் முதலில் அதைச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. உளுந்து, பயறு அடித்த பிறகு களத்தில் கிடக்கிற கொடியையும் பொட்டையும் (நெற்றுத் தோல்) பாதிப் பேர் கொளுத்துகிறார்கள். வைக்கோலைப் போல இரண்டு மூன்று மடங்கு புரதம் அதில் இருக்கிறது. பங்குனியில் பக்கத்து வயல்காரர்களிடம் சொல்லி வைத்து, இலை உதிர்வதற்குள் காலை வேளையில் பனி ஈரத்தோடு அள்ளி, காயவைத்துப் போர் போடுங்கள். மாட்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ போதும். பச்சையாக உளுந்து வயலுக்குள் பசி மாட்டை விடாதீர்கள், இடது பக்கம் வயிறு மத்தளம் மாதிரி ஊதும். அப்படி ஊதினால் 250 முதல் 500 மில்லி நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ, தலையைத் தூக்கிப் பிடிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக. மூக்கைத் தூக்கி ஊற்றினால் நுரையீரலில் இறங்கும்.

அடுத்தது மரத் தழை. கரையோர அகத்தி, கிளைரிசிடியா, பூவரசு, வாதநாராயணன். பச்சை அகத்தி 4 கிலோ கொடுத்தால் சுமார் 200 கிராம் புரதம், அதாவது அண்ணன் கணக்குப் போட்ட பள்ளம் அப்படியே அடைபடும். கோ 5 தீவனப்புல் தண்ணீர் தேங்கினால் அழுகும். அதை மேட்டு வரப்பில் வையுங்கள். தாழ்ந்த இடத்துக்கும் வடிகால் ஓரத்துக்கும் எருமைப்புல். மழைக்காலத்தில் தண்ணீரில் நின்றும் அது மட்டும் சாகாது. உங்கள் கார்த்திகைப் பஞ்சத்துக்கு இதைவிட வழி எனக்குத் தெரியாது.

சீமைக் கருவேல நெற்றுப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வைகாசியில் உங்கள் மாடு தின்றுகொண்டுதான் இருக்கும். கொஞ்சமாகத் தின்றால் நல்ல தீவனம், சர்க்கரை உள்ளது. அதையே வாரக்கணக்கில் முழு வயிற்றுக்குத் தின்றால் தாடைத் தசை மெலிந்து, நாக்கு தொங்கி, எச்சில் ஒழுகி, அசைபோட முடியாமல் மாடு வீணாகும். பொறுக்கி, நன்றாகக் காயவைத்து, அரைத்து, அடர்தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள் சேருங்கள். அரைக்காமல் போட்டால் விதை சாணியில் முழுசாக வந்து அடுத்த வருஷம் உங்கள் திடலே முள்ளுக்காடு.

நெய்வேலிக் காட்டாமணக்கை மட்டும் ஆடுமாடு வாய்வைக்க விடாதீர்கள். வாய்க்கால் நெடுக அதுதான் பச்சையாக நிற்கும். பசி முற்றினால் கடிக்கும், அப்புறம் நரம்பு தளர்ந்து தள்ளாடும்.

---

குடவாசல்_மருந்தகம்

தீவனத்தைக் கூட்டும் முன் சாணியைப் பார்த்துவிடுங்கள். தட்டைப்புழு இருக்கிற மாட்டுக்குப் புண்ணாக்குப் போடுவது புழுவுக்குப் போடுவது.

நம் பகுதியில் ஈரல் தட்டைப்புழுவும் இரைப்பைத் தட்டைப்புழுவும் நத்தை வழியாக வருகின்றன. மழைக்காலத்தில் நத்தை பெருகும். தையில் தண்ணீர் வடிகிறபோது, தண்ணீர் நின்ற மட்டத்துப் புல்லில் புழுவின் கூடு ஒட்டியிருக்கும். அதே புல்தான் இளசாக இருக்கும், மாடு முதலில் அதைத்தான் மேயும். மாசியில் மாடு பளபளப்பாக இருப்பதால் யாரும் மருந்து கொடுப்பதில்லை. ஈரல் புழு முதிர்ந்து பித்தக் குழாயில் உட்கார மூன்று நாலு மாதமாகும், அதாவது வைகாசி. அப்போது இளைப்பதைக் கோடையின் தலையில் போட்டுவிடுகிறோம். கீழ் இமையைப் புரட்டிப் பாருங்கள், வெளுத்திருந்தால், தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பை மாதிரி தொங்கினால், பசி மட்டும் காரணம் இல்லை.

நான்கைந்து மாட்டின் சாணியை, ஒவ்வொன்றும் தனித்தனிச் சிறு டப்பாவில், மருந்தகத்துக்கோ ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொடுங்கள். தட்டைப்புழு முட்டைக்கு வண்டல் முறையில் (அடியில் படியவைத்து) பார்க்கச் சொல்லுங்கள். மிதக்கவைத்துப் பார்க்கிற சாதாரண முறையில் அது தப்பிவிடும். தட்டைப்புழு மருந்தான ஆக்சிகுளோசனைடு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். அது முதிர்ந்த புழுவைத்தான் கொல்லும், ஆகவே மாசியில் ஒன்றும் சித்திரைக் கடைசி அல்லது வைகாசியில் ஒன்றும் வேண்டும். மழைக்கு முன் புரட்டாசியில் மூன்றாவது. அளவும் சினைப் பசுவுக்கு ஏற்ற மருந்தும் மருத்துவர் முடிவு. மருந்து கொடுத்த நாள்களில் பால் ஊற்றுவதையும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எடையைக் குத்துமதிப்பாக வைத்தால் டோஸ் குறைந்து மருந்து வீண். மார்புச் சுற்றளவு அங்குலத்தில், அதை அதாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து இடுப்பு முனை வரை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ. சுற்று 58, நீளம் 50 என்றால் சுமார் 255.

அறுவடை முடிந்து வருகிற வாத்துக் கூட்டத்தை வடிகால் ஓரத்தில் இரண்டு நாள் விடச் சொல்லுங்கள். நத்தைக்கு அதைவிட மருந்தில்லை.

---

கடைமடை_தலைஞாயிறு

எல்லோருக்கும் நன்றி. மூன்று சந்தேகம். ஒன்று, யூரியா வைக்கோலை எத்தனை கிலோ போர் போடுவது? இரண்டு, எங்கள் பக்கம் கோடையில் வாய்க்கால் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, தாது உப்போடு சமையல் உப்பும் போடலாமா? மூன்று, எங்கள் ஊரில் இப்போது எல்லாம் மிஷின் அறுவடை. பேலர் மிஷின் இறுக்கிக் கட்டிய வைக்கோல் கட்டுத்தான் கிடைக்கிறது. அதை அப்படியே ஊறவைக்கலாமா?

---

மன்னை_போர்க்களம்

14 உருப்படிக்கும் ஒரே நேரத்தில் வேண்டாம் தம்பி. சித்திரையில் சேரவேண்டிய நாலு பசு, கறவை இரண்டு, மொத்தம் 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 4 கிலோ என்றால் நாளைக்கு 24, 21 நாளுக்கு 500 கிலோ. 20 கிலோ யூரியா, 300 லிட்டர் தண்ணீர். இப்படி இரண்டு போர்: ஒன்றைத் திறக்கிற அன்றைக்கு அடுத்ததைப் போட்டு மூடுங்கள். மாசிக் கடைசியில் தின்ன வேண்டும் என்றால் மாசி ஆரம்பத்திலேயே மூடியிருக்க வேண்டும்.

பேலர் கட்டை அப்படியே போட்டால் நடுவுக்குக் கரைசல் போகாது, உள்ளே பூஞ்சை பூக்கும். பிரித்து உதறித்தான் அடுக்க வேண்டும். பெல்ட் அறுவடை வண்டி ஓடிய ஈர வயலில் கட்டிய வைக்கோலில் சேறு இருக்கும், அதை ஊறவைக்க வேண்டாம். குறுவை வைக்கோல் பெரும்பாலும் மழையில் நனைந்தது. கருத்த, புழுங்கிய வைக்கோல் தொடர்ந்து தின்றால் வால் நுனி, காது நுனி கருகி உதிரும். அதை எந்த யூரியாவும் சரிசெய்யாது.

---

வெட்டாறு_வடகரை

தண்ணீர்க் கேள்விக்கு: ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்துப் போய்ப் பரிசோதனைக் கூடத்தில் உப்பு அளவு பாருங்கள். லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் வரை பயமில்லை. 5,000 தாண்டினால் சினைப் பசுவுக்கும் கன்றுக்கும் வேறு தண்ணீர் வேண்டும். 7,000-க்கு மேல் யாருக்கும் வேண்டாம். தண்ணீரே கரித்தால், அல்லது மாடு கடற்கரைப் பக்கம் உமிரி என்கிற உப்புச் செடியை மேய்ந்தால், சமையல் உப்பை நிறுத்திவிடுங்கள். நல்ல தண்ணீர் குடிக்கிற மாட்டுக்கு மட்டும் 25 கிராம். கோடையில் இந்த எடைப் பசுவுக்கு நாளைக்கு 40 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். நடுப்பகலில் ஒரு முறையாவது தண்ணீருக்கு ஓட்டிப்போங்கள். தண்ணீர் குறைந்தால் முதலில் குறைவது தீனி.

மேய்ச்சல் நேரத்தையும் மாற்றுங்கள். 9 முதல் 5 என்பது மார்கழிக்குச் சரி. சித்திரையில் விடிகாலை 6 முதல் 10 வரை, மறுபடி 4 முதல் இருட்டும் வரை. நடுவில் புளிய மரத்தடி.

புண்ணாக்கு, தவிடு எல்லாம் மாலை மேய்ச்சல் முடிந்து வந்த பிறகு. காலையில் போட்டால் மாடு திடலில் மேயாமல் வாசலையே பார்த்து நிற்கும்.

---

கீழ்வேளூர்_ஆத்தங்கரை

பேலர் கட்டில் இன்னொன்று. அந்தப் பிளாஸ்டிக் கயிறு. அறுத்து உருவும்போது ஒரு துண்டு வைக்கோலோடு போனால் மாடு விழுங்கிவிடும், வயிற்றில் உருண்டை பிடிக்கும், வெளியே வராது. ஏற்கெனவே பை மெல்கிற மாடு வைத்திருக்கிறீர்கள். ஒரு கட்டில் கயிறு எத்தனை சுற்று என்று முதலில் எண்ணிக்கொண்டு, பிரித்த பிறகு அத்தனையும் கையில் வந்ததா என்று பார்த்துச் சுவரில் ஆணியடித்து மாட்டுங்கள். அறுவாளால் ஒரே வெட்டு, முடிச்சுப் பக்கத்தில். இரண்டு இடத்தில் வெட்டினால்தான் துண்டு விழுகிறது.